விளக்கு வைத்த பிறகு தண்ணீர்

டிசம்பர் 4, புதன்

புயல் கடந்து போன பிறகும் ஏரிக்கு மனம் ஆறவில்லை. விடிந்ததும் வாசலில் நின்று பார்த்தேன். எதிர்க்கரையைக் காணோம். நன்றாக வெளுத்த பிறகும் செம்பாக்கம் பாதிதான் இருந்தது; மீதியைப் பனி மூடி வைத்திருந்தது. பால்காரர் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்து அதற்குள்ளேயே போனார்.

மாடியில் குடியிருக்கும் ஃபாயிசா மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். புருஷன் மொஹ்சின் தோல் பை வியாபாரம், பாதி நாள் ஆம்பூர், பாதி நாள் பெங்களூர். அதனால் மகள் மெஹ்னாஸை மதியத்திலிருந்து என்னிடம் விடுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளை பெறாத வீட்டில் மூன்று வயதுப் பெண் என்ன செய்வாள் என்று முதலில் பயந்தேன். அவள் தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்டோபரில் அவளுக்கு மூச்சு இழுத்தபோது ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனவள் நான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போனது. அதைப் பார்த்த பிறகு வேறு எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று டாக்டர் அசரியா எழுதிக் கொடுத்ததுதான் இந்த இன்ஹேலர் பஃப். காலையில் அம்மா கொடுப்பாள், சாயங்காலம் நான்.

விளக்கு ஏற்றிவிட்டு உட்காருவேன். ஸ்பேசர் என்கிற அந்தக் குழாயின் ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் மாஸ்க். மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்தால், உள்ளே ஒரு சின்ன ஜவ்வு மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும், மீனின் செவுள் மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் செருகிவிடும். இன்றும் அப்படித்தான். மாஸ்க் முகத்தில் இருக்க, அவள் என் மடியில், நான் நாற்காலியில், இரண்டு பேரும் தூங்கிப்போயிருக்கிறோம். ஃபாயிசா கதவைத் தட்டியபோது வீடு முழுக்க நீலமாக இருந்தது. எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

மூக்கின் இரு பக்கமும் சின்னச் சின்னதாகச் சிவந்த பொரிகள். ஃபாயிசா வாங்கி வைத்திருக்கும் வாசனை லோஷன்தான் காரணம். சொன்னேன். "சரி ஆன்ட்டி, நிறுத்திடறேன்" என்றாள். இந்தக் காலத்துப் பெண்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, கேட்பதும் இல்லை.

டிசம்பர் 11, புதன்

லோஷன் நிறுத்தியாயிற்று. பொரி நிற்கவில்லை. பற்பசையாக இருக்கலாம். க்ரீம் பிஸ்கட்டாகவும் இருக்கலாம். இனி என் வீட்டில் க்ரீம் பிஸ்கட் கிடையாது.

ஃபாயிசா மெதுவாக ஒன்று கேட்டாள். "பஃப் போட்டதும் முகம் கழுவறீங்கல்ல ஆன்ட்டி? டாக்டர் சொன்னாரே." இதற்கு முதல் தடவை கேட்டபோதே நான் பதில் சொல்லியாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு இளைப்புக் குழந்தையின் முகத்தில் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும். மார்கழி வேறு வரப்போகிறது. அவள் விழித்ததும் வெந்நீரில் வாய் கொப்பளிக்க வைக்கிறேன், இஸ்திரி போட்ட கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறேன். அது போதும். அந்த டாக்டருக்கு என்ன வயது இருக்கும்? மீசையே நேற்று வந்தது போல இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். விசித்திரமாக இருக்கிறது. உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் சுத்தமான தோல். அதற்கு வெளியே வாயைச் சுற்றிச் சிவப்பு, மூக்கோரம் வரை. கன்னமும் நெற்றியும் பழைய மெஹ்னாஸ்தான். யாரோ ஒரு கிண்ணத்தை முகத்தில் கவிழ்த்து விளிம்புக்கு உள்ளே மட்டும் வண்ணம் பூசியது மாதிரி.

ப்ளே ஸ்கூல் மிஸ் கேட்டாளாம், "ஒட்டிக்குமா?" என்று. ஃபாயிசாவின் குரல் உடைந்தது. "மத்த குழந்தைங்க பக்கத்துல உக்கார வெக்கல ஆன்ட்டி. தனி சேர் போட்டிருக்காங்க."

தனி நாற்காலி. மூன்று வயதுக்கு.

டிசம்பர் 16, திங்கள்

மருந்துக்கடை ஜெயவேலு ஒரு ட்யூப்பை எடுத்து வைத்தான். "அம்மா, சொன்னா நம்பமாட்ட. ரெண்டே நாளு, மூஞ்சி பளிங்கு கணக்கா ஆயிடும். தெருவுல பாதிப் பேரு இத்தத்தான் தடவிக்கினு கீறாங்க." டாக்டர் எழுதிய சீட்டு வேண்டாமா என்றேன். "சீட்டு இன்னாத்துக்கு, நான் கீறனே" என்றான். வாங்காமல் வந்தேன். பாதித் தெரு வந்ததும் திரும்பிப் போகலாமா என்று நின்றேன் – நின்றேன் என்பது உண்மை.

டிசம்பர் 18, புதன்

மதியத் தூக்கத்தில் நான் படித்த கான்வென்ட்டின் வராந்தா வந்தது. பிரேயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிறோம். சிஸ்டர் பெர்னடெட் வெள்ளை அங்கியில் தரையைத் தொடாமல் வருகிறார். நகம், காது, முகம் என்று ஒவ்வொருவராகப் பார்க்கிறார். என் முறை வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு நகர்கிறார். வரிசையில் எல்லாருக்கும் வாயைச் சுற்றிச் சிவப்பு. வராந்தாவுக்கு வெளியே ஏரி. கான்வென்ட்டில் ஏது ஏரி?

விழித்தபோது மெஹ்னாஸ் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

மொஹ்சினின் தங்கைக்கு இருபத்தொன்பதாம் தேதி அனகாபுத்தூரில் கல்யாணம். ஃபாயிசா ஒரு வாரம் முன்னதாகவே போக வேண்டுமாம். அவள் மாமியார் நஃபீசா வீடியோ காலில் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டு என் கூடத்திலேயே ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார்.

"கல்யாணத்துக்கு ஊரே வரும். புள்ள மூஞ்சிக்கு இன்னா வியாதின்னு கேட்டா நான் இன்னாடி சொல்லுவேன்? அந்தப் பம்புதான், வேற ஒண்ணுமில்ல. மொதல்ல அத்த நிறுத்து."

"மாமி, டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு..."

"டாக்டர் கெடக்கறாரு. நாலு புள்ள பெத்தேன், எதுக்குப் பம்பு வெச்சேன்? சைக்கிளுக்குத்தான் பம்பு. பழக்கமாயிடுச்சுன்னா நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றப்போகூட பம்ப வெச்சிக்கினு உக்காருவா."

மொஹ்சினும் பெங்களூரிலிருந்து அதையே சொல்லிவிட்டானாம்: கல்யாணம் முடியும் வரை நிறுத்தலாமே. டாக்டரைக் கேட்கலாம் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை போயிருக்கிறார்.

நிறுத்துவார்களாம். இந்தப் பனியில். அந்த விலா எலும்பை இவர்கள் யாரும் பார்த்தார்களா?

டிசம்பர் 22, ஞாயிறு

போய்விட்டார்கள். படியில் நிறுத்திச் சொன்னேன். "முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை ஃபாயிசா. மூச்சு முக்கியம். நிறுத்தாதே."

"நீங்க எங்க மாமிய நேர்ல பாத்ததில்ல ஆன்ட்டி" என்றாள். சிரித்தது போலவும் இருந்தது, அழப்போவது போலவும் இருந்தது. பையில் ஜரிகைத் துணிகளாக அடுக்கி ஜிப்பை இழுத்தாள். ஸ்பேசர் உள்ளே இருந்ததா? நான் பார்க்கவில்லை. கேட்டிருக்கலாம். பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்று கேட்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

ஃபோன் இல்லை. நானும் செய்யவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

விளக்கு ஏற்றிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மடி லேசாக இருந்தது. கண்ணை மூடினால் ஜவ்வு திறந்து மூடுகிறது. யாருடைய மூச்சு என்று தெரியவில்லை. பக்கத்தில் மறைந்த என் கணவர் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. ரயில்வேயில் இருந்தவரை தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவார். "சிட்டிபாபு எக்ஸ்பிரஸ் லேட்" என்று அவர் பெயரை வைத்து நான் கிண்டல் செய்வதும் வழக்கம். கண்ணைத் திறந்தேன். காலண்டர்தான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அனகாபுத்தூரில் ஆற்றோரம் பனி இன்னும் அதிகமாக இருக்கும். கொடுக்கிறாளா? கொடுக்கிறாளா?

டிசம்பர் 31, செவ்வாய்

வந்துவிட்டார்கள். மெஹ்னாஸ் கையெல்லாம் மருதாணி. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நன்றாகவே தணிந்திருந்தது. எனக்கு வந்த கோபம்!

"நிறுத்திட்டியா? சொல்லிச் சொல்லி அனுப்பினேனே, நிறுத்திட்டியாடி?"

ஃபாயிசாவை நான் 'டி' போட்டது இதுதான் முதல் தடவை. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி ஊரெல்லாம் சொல்லிட்டாங்க ஆன்ட்டி, பம்ப நிறுத்தினேன், மூஞ்சி தெளிஞ்சிடுச்சுன்னு. ஆனா நான் நிறுத்தல. ஒரு வேளைகூட."

"பிறகு?"

"பாத்ரூம்ல வெச்சுக் குடுத்தேன். அந்த 'ஸ்ஸ்' சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாய ஃபுல்லா தொறந்துவிட்டுடுவேன். மாஸ்க் அழுத்தின தடம் முகத்துல வட்டமா நிக்குமே, மாமி பாத்துடுவாங்கன்னு உடனே பச்சத் தண்ணிய அடிச்சுக் கழுவி, துண்டால ஒத்தி, அதுக்கப்புறம்தான் கதவைத் தொறப்பேன். இவளுக்கு ஒரே குஷி, திருடன் போலீஸ் ஆடறோம்னு."

"மார்கழியில, பொழுது போனப்புறம், பச்சத் தண்ணியா? சளி பிடிக்கலையா?"

"இல்லயே ஆன்ட்டி. ஒரு தும்மல்கூட இல்ல."

ஜனவரி 1, புதன்

குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றபோது தெரிந்தது.

காலையில் ஃபாயிசா பஃப் கொடுக்கிறாள், உடனே குளிப்பாட்டுகிறாள். அனகாபுத்தூரில் பஃப் கொடுத்தாள், குழாயடியில் கழுவினாள். என் மடியில் மட்டும்தான் மெஹ்னாஸ் மாஸ்க்கோடு தூங்கினாள். உள்ளே போக வேண்டிய மருந்தில் கொஞ்சம் தோலில் தங்கி, நான் சுகமாகக் கண் செருகிக் கிடந்த நேரமெல்லாம் அங்கேயே ஊறியிருக்கிறது. கிண்ணம் கவிழ்த்த மாதிரி என்று நானேதான் எழுதினேன். என்ன கிண்ணம் என்று யோசித்தேனா?

நாளின் மிக இனிமையான நேரம் என்று எதை நினைத்தேனோ, அந்த நேரம்தான்.

இன்று சாயங்காலம் பஃப் கொடுத்து முடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினேன். தண்ணீர் பட்டதும் அவள் சிரித்தாள். "திருடன் போலீஸ்!" என்றாள். ஃபாயிசாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

ஜனவரி 3, வெள்ளி

டாக்டர் அசரியா வந்துவிட்டார். நானும் கூடப் போனேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

"மாஸ்க் உக்கார்ற இடத்துல மட்டும் வந்திருக்கு பாருங்க. பஃப்ல இருக்கற ஸ்டீராய்டு தோல்ல தங்கினா சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும். அதுக்காகப் பஃப்ப மட்டும் நிறுத்திடாதீங்க. போட்டதும் வெறும் தண்ணியில கழுவுங்க. முழுசா அடங்க சில வாரம் பிடிக்கும். குறையலன்னா மருந்து தர்றேன். கடையில எந்த ட்யூபும் வாங்கித் தடவாதீங்க, முதல்ல அடங்கற மாதிரி இருந்து அப்புறம் இன்னும் கிளம்பும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "கழுவணும்னு முதல் நாளே சொன்னேனே. சாயங்காலம் யாரு குடுக்கறது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் ஃபாயிசா. "மறந்துட்டேன்."

"என்னம்மா நீங்க" என்றார் அவர்.

நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டோவில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் நன்றி சொல்ல வேண்டி வரும்.

ஜனவரி 5, ஞாயிறு

கல்யாணப் பலகாரத்தோடு நஃபீசா வந்தார், மொஹ்சினுடன். எனக்கும் ஒரு டப்பா கொடுக்கக் கூப்பிட்டார்கள். மாடிக்குப் போய் உட்காரும் முன்பே பேச்சு அங்கேதான் நின்றது.

"பெத்தவளுக்கு மூஞ்சி கழுவ மறந்துபோச்சாம். கேட்டியாடா மொஹ்சின்? சோறு துன்ன மறந்தாளா? எல்லாம் கதை. நம்ம வூட்ல பம்ப நிறுத்துனோம், சரியாச்சு. இங்க வந்து மறுபடி ஆரம்பிச்சுட்டா. மறுபடி வரும் பாரு."

மொஹ்சின் இழுத்தான். "ஒரு மாசம் நிறுத்தித்தான் பாக்கலாமே ஃபாயிசா. அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல."

ஃபாயிசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹ்னாஸ் அதிரசத்தைப் பிட்டுப் பிட்டு வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம். போகி வருகிறது, ஊரே டயர் கொளுத்தும். ஒரு மாதம் பஃப் இல்லாமல் – எனக்கு அந்த ஆட்டோ ஞாபகம் வந்துவிட்டது.

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்க முடியாது.

"அவ மறக்கல. சாயங்காலம் குடுக்கறது நான். கழுவணும்னு அவ என்கிட்ட சொன்னா, ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம். தண்ணி பட்டா சளி பிடிக்கும்னு நான்தான் விடல. மாஸ்க்கோட தூங்கவும் விட்டேன். தப்பு என்னோடது. மருந்து மேல பழி போட்டு அதை நிறுத்திடாதீங்க."

நஃபீசா விடவில்லை. "அப்போ எங்க வூட்ல பம்பே இல்லாம எப்படிங்க சரியாச்சு?"

"பம்பு இருந்துச்சு மாமி" என்றாள் ஃபாயிசா.

"எங்க?"

"பாத்ரூம்ல."

"என் வூட்டு பாத்ரூம்லயா?" நஃபீசா எழுந்தே விட்டார். "குழாய தொறந்துவிட்டுக்கினு ஆத்தாளும் மகளும் உள்ள இன்னா பண்றீங்கன்னு பாத்தேன். அடிப்பாவி! கல்யாண வூடு, அத்தினி ஜனம், டேங்க்ல தண்ணியே நிக்கல, மோட்டாரு போட்டுப் போட்டு என் வெரலு தேஞ்சுபோச்சு. பைப்பு லீக்குன்னு பிளம்பர வரவெச்சு, அவனுக்குப் பிரியாணி வேற போட்டேனேடி!"

மொஹ்சின்தான் முதலில் சிரித்தான். மெஹ்னாஸ் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். நஃபீசா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. நீங்களுமா தண்ணி பட்டா சளின்னு நெனச்சீங்க?"

"ஆமாம்."

"நானும் அப்டித்தான் நெனச்சுக்கினு கீறேன்" என்று மெதுவாக உட்கார்ந்தார். பேத்தியை இழுத்து மடியில் வைத்து, முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. பம்பு இருக்கட்டும். ஆனா சாயங்காலம் இனிமே புள்ளைய நான் பாத்துக்கறேன். பொண்ணும் போயிட்டா, அங்க வூடு வெறிச்சுனு கீது. நான் இங்கயே இருந்துக்கறேன்."

ஃபாயிசா என்னைப் பார்த்தாள். நான் பலகார டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். என்ன சொல்ல முடியும்? கேட்டு வாங்கிய வழக்கம் இல்லையே.

ஜனவரி 8, புதன்

மாலை முழுக்க மாடியில் குட்டிக் கால்கள் ஓடுகிற சத்தம். மேலே யாரோ கூழாங்கல் உருட்டி விளையாடுவது போல. நான் ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல.

ஜனவரி 10, வெள்ளி

ஃபாயிசா வேலையிலிருந்து வந்ததும் கீழே எட்டிப் பார்த்தாள். "நீங்க அன்னைக்குச் சொல்லியிருக்க வேணாம் ஆன்ட்டி." "வேண்டும்" என்றேன். அவள் போன பிறகுதான் நன்றி சொல்ல மறந்தது தெரிந்தது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, சனி

சொன்னேன். "ஐயோ ஆன்ட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 13, திங்கள். போகி

விடியும் முன்பே புகை. பனியும் புகையும் கலந்து ஜன்னல் கம்பி வழியாக மெல்ல உள்ளே நடந்து வந்தது. சூரியன் வெந்நீரில் போட்ட செப்புக் காசு மாதிரி நாளெல்லாம் மிதந்தது. மேலே இருமல் சத்தம். ஒவ்வொன்றையும் கேட்டேன். சுவரில் காதை வைக்காத குறை.

விளக்கு ஏற்றி முடித்தபோது படியிலிருந்து நஃபீசாவின் குரல்.

"கீழ் வூட்டம்மா! கொஞ்சம் மேல வாங்க."

ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மெஹ்னாஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் புகைக்குச் சிவந்து. சட்டையைத் தூக்கி முதலில் விலாவைப் பார்த்தேன். குழியவில்லை.

"காலையிலேர்ந்து இருமிக்கினே கீறா. ஃபாயிசா வர நேரமாவுமாம்" என்றார் நஃபீசா. ஸ்பேசரை எடுத்து ஒழுங்காகக் குலுக்கி மாட்டினார். "ஒரு வாரமா நான்தான் போடறேன், போடறது தெரியும். உள்ள அந்த ஜவ்வு ஆடுதா ஆடலயான்னுதான் தெரியமாட்டேங்குது. கண்ணுல பொற விழுந்து கீது. நான் புடிச்சிக்கறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் கட்டிலின் மறுபக்கம் முழங்காலிட்டேன். அவர் மாஸ்க்கை வைத்தார். திறந்தது. மூடியது. திறந்தது.

"ஆடுதா?"

"ஆடுது."

"நல்லா?"

"நல்லாவே ஆடுது."

"அப்டியே கண்ண மூடிடாதீங்க, நீங்க தூங்கற ஆளு" என்றார். ஃபாயிசா அதையும் சொல்லியிருக்கிறாள்! அவர் வாய் கோணியது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். நானும் அடக்கினேன்.

முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினார். துண்டு எடுப்பதற்குள் மெஹ்னாஸ் நழுவி, ஈர முகத்தோடு ஓடி வந்து என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மூக்கோரம் தெளிந்துவிட்டது. முகவாயில் இரண்டொரு பொரி மட்டும், அதுவும் மங்கி. முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இரைப்பு இல்லை. உள்ளே காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குப் பொங்கல், உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் நஃபீசா, ஸ்பேசரைத் துடைத்துக்கொண்டே. "முடிச்சிட்டு இதே நேரத்துக்கு வந்துடுங்க."

கீழே வந்து இதை எழுதுகிறேன். தெருவில் இன்னும் புகை அடங்கவில்லை. தோளில் அவள் முகம் பட்ட இடம் ஈரமாக இருக்கிறது. வேறு புடவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.